ஆறு பத்துக்கு எரியும் விளக்கு

ராணிப்பேட்டை
3.2.2025

அன்பு மகள் சௌமியாவுக்கு,

அப்பா வேதாசலம் எழுதுவது. போனில் தட்டினால் என் விரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது, அதனால் கடிதம். நீ மொட்டைமாடியில் மாட்டிய பெட்டி நன்றாக வேலை செய்கிறது. காற்றில் தோல் பதனிடும் குரோமியம் ஏறினால் சிவப்பு விளக்கு எரியும் என்றாயே, தினமும் மாலை ஆறு பத்துக்கு எரிகிறது. பத்தாவது கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்ட நானே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எதிர்வீட்டு எல்லம்மா அப்போதுதான் இட்லிக்கடை அடுப்பைப் பற்றவைக்கிறாள். தோல் கழிவைப் போட்டு எரிக்கிறாள்! தெரு ஜனத்தையே கூட்டித் திட்டிவிட்டேன். "விறகுதாண்ணா, வந்து பாரேன்" என்றாள். விஞ்ஞானி போய்ப் பார்ப்பானா? சனிக்கிழமையோடு கடையை மூடவைத்தாயிற்று.

அப்பா

பெங்களூரு
12.2.2025

அன்புள்ள அப்பா,

பெட்டியின் எண்கள் அந்தந்த நிமிடமே எனக்கு வந்துவிடும். எல்லம்மா அத்தை கடையை மூடிய பிறகும் ஆறு பத்துக்குக் குரோமியம் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறுவதில்லை. நாலு வீடு தள்ளி, வஜீதா ஆன்ட்டி மாடியில் நான் மாட்டிய இன்னொரு பெட்டியில் அந்த நேரம் ஒன்றுமே இல்லை. இது மலிவுப் பெட்டி அப்பா, எவ்வளவு என்றுதான் சொல்லும், யார் என்று சொல்லாது. அந்த நேரத்தில் நம் மாடியில் என்ன நடக்கிறது? நீங்களே பார்த்து எழுதினால் நல்லது.

சௌமியா

ராணிப்பேட்டை
18.2.2025

சௌமி,

பார்த்தேன். நான்தான்.

தோல் கம்பெனி பஃபிங் மெஷினில் நாள் முழுக்கத் தோலைத் தேய்த்துவிட்டு வந்து, தூசி வீட்டுக்குள் போகக்கூடாது என்று மாடியில் சட்டையை உதறுவேனே. இருபத்தெட்டு வருடப் பழக்கம். நேற்று உதறாமல் நின்றேன். விளக்கு எரியவில்லை. ஒரு உதறு. சிவப்பு. பெட்டி பொய் சொல்லாதா என்று மறுபடி உதறினேன். சொல்லவில்லை.

எல்லம்மாவிடம் போனேன். "இன்னா விஞ்ஞானி, இப்ப எந்த அடுப்ப அணைக்க வந்த? தெருவக் கூட்டித்தானே திட்டின, கூட்டியே சொல்லு" என்றாள். கூட்டினேன், சொன்னேன். சிரித்தார்கள். அது பெரிதில்லை.

அந்த மாடியில்தானே நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். நான் உதறும்போது நீலத் தூசி பறக்கும், "அப்பா, நீல மழை" என்று கைதட்டுவாய். அப்புறம் விடிய விடிய இருமுவாய். ஐஸ் தின்றாய் என்று அடிப்பேன். தின்னவில்லை என்று அழுவாய். அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை.

சட்டையை இனி கம்பெனியிலேயே கழற்றிவிட்டு வருகிறேன். பெட்டியை எடுத்துவிடாதே.

அப்பா

பெங்களூரு
22.2.2025

அப்பா,

எல்லாரைப் பற்றியும் எழுதினீர்கள். அந்தச் சட்டைக்குள் இருந்தவருக்கு இருமல் உண்டா? மார்ச் எட்டாம் தேதி வருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

ஒரே ஒரு நாள் ஐஸ் தின்றேன். அந்த ஒரு அடியை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

சௌமி