பின்னறையில் தூங்குகிறவன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்கிறீர்களா? போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. காகிதத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

தேர்தலுக்கு முன் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. புது மருத்துவச் சட்டம் வந்தா உன்னை அரசாங்கமே பாத்துக்கும்மா என்றாய். அப்புறம் உன்னைப் பெற்றது எதற்கு என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாய். இன்றைக்கும் அதையேதான் கேட்கிறேன். நானும் உன் அப்பாவும் அவர் கண்ணை மூடும்வரை மருந்துக் கடை நடத்தினோம். சும்மா கிடைத்த மருந்தை யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சட்டத்தை எதிர்த்த கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன், அடுத்த முறையும் அப்படித்தான்.

பிள்ளை வளர்ப்பிலும் எனக்கு அதே கொள்கை. பக்கத்து வீட்டில் ஒரு பென்சில்கூடக் கேட்கக் கூடாது என்று உன்னை வளர்த்தேன். நீயோ பேரனிடம் எப்போது தூங்கலாம் என்று அனுமதி கேட்கிறாய். அந்தப் பெரிய மனிதரும் கார்ட்டூன் முடியட்டும் என்று உத்தரவு போடுகிறார். போகட்டும், உன் வீடு, உன் பிள்ளை.

இங்கே ஒரு சிக்கல். சட்டம் வந்ததிலிருந்து வயசானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு நர்ஸ் வருகிறாள். முதல் நாள் வாசலில் நின்றபடியே, தனியாவா இருக்கீங்கம்மா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை கூடத்தான் இருக்கான், நைட் ஷிப்ட், பின்னறையில தூங்குறான் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி இல்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

நல்ல பெண். அன்றிலிருந்து செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுகிறாள். உன் தூக்கம் கெடக் கூடாது என்று கிசுகிசுவென்று பேசுகிறாள். நானும் கிசுகிசுக்கிறேன். ஒரு நாள் என் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னறைக் கதவையே பார்த்தோம். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அவள் போன பிறகும் வெகுநேரம் மெதுவாகவே நடந்துகொண்டிருந்தேன். உன் கட்டிலுக்கு விரிப்புகூட மாற்றினேன்.

இப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு புண். சர்க்கரை இருப்பதால் ஆறமாட்டேன் என்கிறது. குனிந்தால் கை எட்டவில்லை. தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம். உங்க பையன் முழிச்சிருக்கும்போது சொல்லுங்க, எப்படிக் கட்டறதுன்னு காட்டித் தரேன் என்கிறாள். வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு என்றால் அவளே தினமும் வருவாளாம், சட்டத்தில் அப்படி இருக்கிறதாம். எனக்கு யாரும் இல்லை என்று சொன்னால் போதும். ஆறாத புண் காலை எங்கே கொண்டுபோய் விடும் என்று மருந்துக் கடைக்காரிக்குத் தெரியாதா? பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தால், பையன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லி அனுப்பிவிடுகிறேன். நீ இருக்கும்போது யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். சட்டத்தைப் பற்றிய அந்தச் சண்டையிலும் நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். யாரிடமும் எதுவும் கேட்காதே என்று உன்னை வளர்த்தவள் ஒன்று கேட்கிறேன். நீ கட்டுப் போட வேண்டாம். ஒரே ஒரு நாள் வந்து, அவள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தப் பின்னறையில் ஒரு தடவை இருமிவிட்டுப் போ. பிள்ளை ஊருக்குப் போய்விட்டான், இப்போது தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல அதற்கப்புறம் எனக்கு வாய் வரும்.

ஆசிகளுடன்,
அம்மா