இலவசம் என்று எழுதியிருந்தால் என்ன?

இன்று காலை சரிபார்ப்பதற்கு ஒரு கலைச்சொற் பட்டியல் வந்தது. மூன்றாம் பக்கத்தில் 'free software' என்பதற்கு எதிரே 'இலவச மென்பொருள்' என்று இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் அரை மணித்தியாலம் இருந்தேன். தேநீர் ஆறிப்போனது. செத்து மூன்று வருடமான ஒருத்தியோடு சண்டை பிடிக்கலாமா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதும் நீர் ஒரு சண்டையையும் முடிய விட்டதில்லையே.

சமாதானப் பேச்சு முறிந்து, காலி வீதியில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்த காலம். பம்பலப்பிட்டி ஆய்வு அலுவலகத்தில் நாங்கள் இருவரும்தான் புள்ளிவிபரப் பிரிவு. முகாம்களில் எடுத்த பிள்ளைகளின் நிறை, உயர விபரங்கள் எல்லாம் கணினியில் ஏறியிருந்தன. அட்டவணைகள் வெள்ளிக்கிழமைக்குள் போனால்தான் அந்த முகாம்களுக்குப் பால்மா ஒதுக்குவார்கள். அந்த நேரம் பார்த்து அலுவலகம் வாங்கியிருந்த மென்பொருளின் அனுமதிக்காலம் முடிந்து, அது பூட்டிக்கொண்டது.

யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கக்கூடிய வேறொரு புள்ளிவிபர மென்பொருள் இணையத்தில் இருப்பதாக நீர்தான் சொன்னீர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸுக்கு வந்தீர். தொலைபேசி இணைப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதை இறக்கி, ஒரு சீடியில் பதிந்தோம். அதோடு விட்டிருக்கலாம். நீர் மார்க்கர் பேனையை எடுத்து, அதன் மேல் கொட்டை எழுத்தில் 'விடுதலை மென்பொருள்' என்று எழுதினீர்.

"உமக்கு விசரே? இலவசம் எண்டு எழுதும்."

"இலவசம் எண்டா சும்மா தாறது. இதை ஆரும் திறந்து பாக்கலாம், மாத்தலாம், மற்றவைக்கும் குடுக்கலாம். அது வேற, இது வேற. பிழையெண்டாச் சொல்லும், அழிக்கிறன்."

பிழையென்று சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. புலிகளின் பெயரில் இருக்கும் சொல் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அதை நீர் ஒரு காரணமாகவே எடுக்கவில்லை.

திங்கள் காலை சாவடியில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். உம்முடைய பையிலிருந்து சீடியை எடுத்த பொலிஸ்காரருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தது. "வி... டு... த... லை" என்று வாசித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் பொலிஸ் நிலையத்தில் நின்றோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பதிகாரி சீடியைத் தூக்கிக் காட்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "நொமிலே, சேர்." இலவசம் என்று அர்த்தம். அவர் முகம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் நீர் வாயைத் திறந்தீர். "நொமிலே நெவெய், சேர். நிதஹஸ்." இலவசம் இல்லை, சுதந்திரம்! நான் உம்முடைய காலை மிதித்தேன். நீர் காலை இழுத்துக்கொண்டு மேலும் விளக்கினீர்.

"அப்படியென்றால் இது என்ன செய்யும், காட்டு" என்றார் அவர். மூலையில் ஒரு பழைய கணினி இருந்தது. சீடியைப் போட்டு நிறுவ முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் அது திறந்தபோது நீர் திரும்பி, "ஏதாவது இலக்கங்கள் வேணும்" என்றீர். சுவரோரம் வாங்கில் பதினொரு பொடியன்கள் இருந்தார்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தபோது, அன்று காலை பிடித்து வந்தவர்கள். நீர் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினீர்.

"தம்பி, உமக்கு எத்தினை வயசு?"

முதலாவது பொடியன் பொலிஸ்காரரைப் பார்த்தான். பிறகு, "இருவத்தொண்டு, அக்கா" என்றான். பதினொரு பேரும் சொன்னார்கள். என்னுடையதையும் உம்முடையதையும் சேர்த்தீர். அது போதாதென்று, "சேர், உங்கட வயசு?" என்று அதிகாரியையும் கேட்டீர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரும் சொன்னார்.

திரையில் வயதுகளின் வரைபடம் வந்தது. இடது பக்கம் உயரமாக நெருங்கி நின்ற பட்டைகள், அந்தப் பொடியன்கள். வலது பக்கம் தூரத்தில், குட்டையாக, நாங்கள் மூன்று பேர். நீர் விரலால் தொட்டுக் காட்டினீர். அவர் வாங்கையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீடியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு, எங்களைப் போகச் சொன்னார்.

வாசலில் வைத்து நீர் திரும்பி, வாங்கில் இருந்தவர்களைக் காட்டி, "அவை?" என்று கேட்டீர். நான் உம்மை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுபடி இரண்டு நாள் இறக்கினோம். புதுச் சீடியில் நான் 'கணக்குப் பாடம்' என்று எழுதினேன். அதற்காக நீர் ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அட்டவணைகள் நேரத்துக்குப் போயின. பால்மாவும் போனது.

அடுத்த திங்கள் நீர் குடையை எடுத்துக்கொண்டு, "பொலிசுக்குப் போறன். அந்தப் பொடியங்களுக்கு என்ன நடந்ததெண்டு கேக்க வேணும்" என்றீர்.

"உமக்கு அங்க என்ன வேலை? தப்பி வந்தது காணாதே?"

நான் உம்மோடு வரவில்லை. பின்னேரம் நீர் வந்து கதிரையில் இருந்தீர். "ஒன்பது பேரை விட்டிட்டினமாம். ரெண்டு பேரைப் பற்றிக் கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை." குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வயசைக் கேட்டனான். பேரைக் கேக்கேல்லையே" என்றீர். நீர் உம்மோடேயே கோபப்பட்டதை அன்றைக்குத்தான் முதன்முறை பார்த்தேன்.

பிறகு வேலை முடிந்து வெள்ளவத்தை லொட்ஜுகளுக்கெல்லாம் நடந்தீர். திரும்பி வந்தவர்களைக் கண்டு கழித்தபோது மிஞ்சியது இரண்டு அடையாளம்: இருபத்திநாலு வயசு, கோடு போட்ட சேர்ட்டு. பத்தொன்பது வயசு, மூக்குக் கண்ணாடி. இதை வைத்து யாரைத் தேடுவது என்று நான் எரிந்து விழுந்தேன். ஆனால் கோடு போட்ட சேர்ட்டுக்காரனின் தாயை ஒரு லொட்ஜில் கண்டுபிடித்தீர். அவரோடு ஆறு மாதம் அலைந்தீர். அவன் தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து உயிரோடு வந்தான். கண்ணாடிக்காரனை விசாரித்து யாரும் வரவில்லை. நீரும் கண்டுபிடிக்கவில்லை.

வத்தளையில் உம்முடைய தங்கை வீட்டில், மருந்துச் சோர்வில் படுத்திருந்தபோதும், "அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை..." என்று தொடங்கினீர். "இப்ப ஏன் அந்தக் கதை?" என்று உம்மை அடக்கினேன். அதுதான் நான் உம்மோடு கடைசியாகக் கதைத்தது. அதற்காக என்னை மன்னியும் என்று கேட்கக்கூட எரிச்சலாக இருக்கிறது. நீர் 'எதற்கு?' என்று விளக்கம் கேட்பீர்.

போன கிழமை அலுவலகத்தில் ஒரு ஆய்வு முடிந்தது. பகுப்பாய்வு செய்தவர் வந்து, "ரெண்டு பேரின்ர படிவம் அரைகுறை, மேடம். எடுத்துவிட்டாலும் முடிவு மாறாது" என்றார். உண்மைதான், மாறாது. எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

"ஆர் அந்த ரெண்டு பேர்?" என்று கேட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டார். நான் உமக்கு முன்னால் விட்ட அதே பெருமூச்சு.

"படிவத்தைக் கொண்டு வாரும்" என்றேன். "பேர் இருக்கோ எண்டு பாப்பம்."