மாடிப்படி அலமாரி

மார்ச் 3

என் தையல் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். முன்பக்கம் இடுப்பு, தோள், கை நீளம். பின்பக்கம் என் புலம்பல். வீட்டுக்காரர் படித்துவிடுவாரோ என்று இனி ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் வீடு திரும்பிப் பதினோரு நாள். கை, கால், பேச்சு எல்லாம் தப்பித்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை பேப்பரை எடுத்தார், திருப்பினார், என்னிடம் நீட்டினார். "இது என்ன பாஷைடி?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

மார்ச் 6

டாக்டர் சொன்னது: "கண்ணு நல்லாதான் இருக்கும்மா. மூளையில எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கிற இடத்துலதான் அடி. எழுத வரும், படிக்க வராது."

அதெப்படி? வீட்டுக்கு வந்து சோதித்தேன். 'நூல், ஊசி, பால்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். கால் மணி கழித்து அதையே காட்டினால், "யாரு கிறுக்கினது?" என்கிறார்.

முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சோறு இறங்காது அவருக்கு. யார் கண் பட்டதோ!

மார்ச் 9

மாடிப்படித் திருப்பத்தில் அவர் வைத்த புத்தக அலமாரி இருக்கிறதே, அதுதான் இப்போது என் தலைவலி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் முதலில் எங்கள் கதவைத் தட்ட வேண்டும். ஆளைப் பார்த்து, நாலு வார்த்தை விசாரித்து, இதைப் படி என்று எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, முடித்தபின் அடுத்து எது. நான்? ஒரு புத்தகமும் முடித்ததில்லை.

இன்று மூன்று பேர் தட்டினார்கள். மேல்வீட்டு நர்சம்மா, பஸ் டிரைவர், எதிர்வீட்டு ஓட்டைப்பல். முன்பல் விழுந்த எட்டு வயதுக்காரி. "தூங்குறேன்னு சொல்லு" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"எத்தனை நாளுதான் மாமா தூங்குவாரு?" என்றாள் ஓட்டைப்பல்.

கும்பகர்ணனிடம் பாடம் கேட்கிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 13

ஓட்டைப்பல் விடவில்லை. இதென்ன பெரிய வித்தையா என்று, அட்டையில் நாய்க்குட்டி போட்டிருந்த ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 15

அழுதுகொண்டே வந்தாள். கடைசியில் நாய் செத்துப்போகிறதாம். நேற்று முழுக்கத் தன் நாயைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடமே போகவில்லையாம். "மாமான்னா முன்னாடியே சொல்லியிருப்பாரு அத்தை!"

மாமாவுக்கு இப்போது படிக்க வராது என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சீட்டைப் பார்த்தேன். 'நாய் வளர்க்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே.' கண் இருந்தும் நான் பார்க்கவில்லையே. உள்ளே அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

மார்ச் 17

நான் வாசித்துக் காட்டினால் என்ன? உட்கார்ந்தேன். இரண்டு வரிதான். "அங்க கமா இருக்கணுமே, நிக்கமாட்டியா?" மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை வாயிலிருந்து வந்துவிட்டது: "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே படிங்களேன்!"

கடவுளே. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லை?

மார்ச் 18

பேசவில்லை.

மார்ச் 20

பேசினார். பழைய பேப்பர்காரருக்குச் சொல்லி அனுப்பு என்றார். "அலமாரியோட எடுத்துட்டுப் போகட்டும்."

நர்சம்மா இறங்கி வந்து சண்டை போட்டார். "மூணு வருஷமா நீங்க சொன்னதைத்தானே படிச்சேன். இப்படி நடுத்தெருவுல விட்டா எப்படி?"

"எனக்கே வழி தெரியலம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கெஞ்சினேன். எட்டுப் புத்தகங்களைத் துணி மூட்டைக்குள் ஒளித்தும் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். படிக்கத்தான் வராது, எண்ண வருகிறதே மனுஷனுக்கு! நான் என்னதான் செய்ய?

மார்ச் 22

போய்விட்டது. அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. டிரைவர் பழக்கத்தில் அங்கே நின்றார். பிறகு மேலே போனார்.

மார்ச் 27

இரண்டு பேன்ட் மடிப்பு, ஒரு ஜிப். அவர் ஜன்னலோரம். அவ்வளவுதான் இன்று.

ஏப்ரல் 2

காலையில் கதவைத் திறந்தால் தரையில் ஒரு புத்தகம். ஒல்லியானது. ஒரு மூலையை நாய் கடித்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதிய சீட்டு. அவரிடம் கொண்டுபோய் வாசித்தேன்.

'மாமாவுக்கு. இதில் நாய் சாகாது. நான் கடைசிவரை பார்த்துவிட்டேன். பயப்படாமல் படிக்கலாம். அத்தையைப் படிக்கச் சொல்லுங்கள்.'

சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கையெழுத்து கோணலா இருக்குமே?"

"மகா கோணல்."

"பிழை?"

"மூணு இருக்கு."

"இருக்கட்டும், விடு" என்றார். முப்பது வருஷத்தில் அவர் விட்ட முதல் பிழைகள்.

மெஷினிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே கமா வந்தது. நின்றேன்.

"ம்… மேல படி" என்றார்.