டயல் மாற்றிய மணிக்கூடு

ஓகஸ்ட் 6, 2024, செவ்வாய்

மதியம் பெய்த சின்ன மழைக்கே படுக்கையறை நிலமெல்லாம் தண்ணீர். பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை முடிந்து வந்ததும் துடைத்தேன்.

தம்பி ஸாஜித் கூரையில் ஏறிப் பார்த்தான். "மரம் உக்கிப் போச்சு ராத்தா. மாரி வந்தா முழுசா இறங்கும்." கீழே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "மச்சான்ட கை மணிக்கூட்ட வித்தா என்ன?"

ஓம் என்றேன்.

நான் சண்டை பிடிப்பேன் என்று நினைத்திருப்பான் போல. "மெய்யாவா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

என் கணவர் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தபோது, ஜனவரியில், பகல் சோறு தின்று படுத்தவர் எழும்பவில்லை; தூக்கத்திலேயே மௌத்து. நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடிந்து வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். "மனசுக்குள்ள வெச்சிருக்காம அழு பல்கீஸ்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வரவில்லை. வராத அழுகையை எங்கே போய் எடுப்பது?

அலுமாரியைத் திறந்து மணிக்கூட்டை எடுத்தேன். சுவிஸ் மணிக்கூடு. பாரமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

டவுனில் மணிக்கூடு திருத்துகிறவரிடம் போனேன், என்ன பெறும் என்று கேட்க.

"பெட்டி இருக்கா? கம்பனி அட்டை?"

"இல்ல."

பின்மூடியைக் கழற்றி, கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "மெஷின் அசல். டயல் பிறகு போட்டது. முள்ளும் அப்பிடித்தான். சாவி குடுக்கிற இந்தத் திருகும் வேற. உங்கட அவர் வாங்கேக்கையே ரெண்டு மூண்டு பேர் கட்டினதா இருக்கும் அக்கா." மூடியின் உள்பக்கத்தில், திருத்தினவர்கள் ஊசியால் கீறிவைத்த வருடங்களைக் காட்டினார். எல்லாம் எங்கள் கலியாணத்துக்கு முந்தியவை.

கலியாணம் முடிந்து முதல் பயணத்தில், சிங்கப்பூரில் புதிதாக வாங்கியது என்றுதான் அவர் சொன்னவர். பெட்டி கப்பலிலேயே தவறிவிட்டது என்றார். நான் நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்ல ஏலாது. அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

சரி என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். வரும் வழியில் வெங்காயம் வாங்கினேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஸாஜித் பேஸ்புக்கில் படம் போட்டிருக்கிறான். "அசல் சுவிஸ். ஒரே ஆள் பாவிச்சது."

"அப்பிடி இல்லையே" என்றேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் போடுற ராத்தா. கேட்டாச் சொல்லுவம்."

விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 17, சனி

குறிஞ்சாக்கேணியிலிருந்து முஹம்மது தம்பி என்று ஒருவர் வந்தார். சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்கிறவர். கூடவே மகள் றிஷானா. அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கம்பனி மணிக்கூடுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம்.

அந்த மனிதர் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். ஒரு மீன்குஞ்சைப் பிடிப்பது போல இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்தார். பெட்டியைக் கேட்கவில்லை. அட்டையைக் கேட்கவில்லை. ஸாஜித் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவர் கேட்டார்: "குறை நினைக்காதீங்க மகள். இதக் கட்டினவர் எப்பிடிப்பட்ட மனிசன்? என்ட மருமகன்ட கையில ஏறப்போற சாமான், அதான்."

"நல்ல மனிசன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. பிறகு அதே வாய் மற்றதையும் சொன்னது: "ஆனா இது புதுசா வாங்கினதில்ல. டயல், முள், திருகு மூண்டும் மாத்தினது. கொழும்பில காட்டினாச் சொல்லிப்போடுவாங்க."

ஸாஜித் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

அவர் மணிக்கூட்டை மெதுவாக மேசையில் வைத்தார். "அவங்க காட்டுவாங்க. மாப்பிள்ளைட மாமா அப்பிடி ஆள்." "சொன்னது நல்லம் மகள்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். வாசலில் அந்தப் பிள்ளை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றியாகப் பார்க்கவில்லை.

"ஏன் ராத்தா? அந்தாள் கேக்கவே இல்லையே!"

"தெரியா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

ஸாஜித் வரவில்லை. கறிக்கு உப்புப் போடாததை, சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவும்போதுதான் உணர்ந்தேன்.

செப்டெம்பர் 2, திங்கள்

றிஷானா பாமசிக்கு வந்தாள். மருந்து வாங்க வந்தவள் மாதிரி வரிசையில் நின்று, முறை வந்ததும் சொன்னாள்: "நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அழுது கொட்டினாள். மாப்பிள்ளையின் மாமா, பெட்டியும் அட்டையும் உள்ள மணிக்கூடு வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்கிறாராம். வாப்பா வள்ளத்து என்ஜினை விற்க ஆள் பார்க்கிறாராம். "என்ஜின வித்தா என்னத்தில கடலுக்குப் போற? உங்கட மணிக்கூட்ட வாங்கியிருந்தா இந்தளவுக்கு வந்திராதே."

"காட்டியிருந்தாப் பிடிபட்டிருக்குமே."

"அது கலியாணம் முடிஞ்ச பிறகுதானே!"

அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக் கேட்டேன்: "என்ஜின விக்கிறது மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"ஹஸ்மிக்கா? தெரியா... நான் எப்பிடிக் கேக்கிற? அவரப் பிடிச்சிருக்கு எனக்கு. கேட்டு, அவரும் அப்பிடித்தானெண்டா?"

"கேளுங்க" என்றேன். "நான் எங்கட அவரிட்ட ஒருநாளும் ஒண்டும் கேக்கல்ல. இப்ப கேக்க ஆளில்ல."

இதைச் சொன்னது நான்தானா? றிஷானா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் திரும்பி வந்து மிச்ச ஆட்களுக்கு மருந்து கொடுத்தேன்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

றிஷானாவின் அழைப்பு. கேட்டுவிட்டாளாம். மணிக்கூட்டைப் பெண் வீட்டார் விரும்பித் தருவதாகத்தான் அவன் வீட்டில் ஹஸ்மியிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் சீனன்குடாவில் வேலை முடிந்து, உடுப்புக்கூட மாற்றாமல் நேரே குறிஞ்சாக்கேணிக்குப் போய் என்ஜின் விற்பனையை நிறுத்தியிருக்கிறான். மாமாவிடம், "உங்களுக்கு ஆசையெண்டா நீங்க வாங்கிக் கட்டுங்க" என்றானாம். மாமா கலியாணத்துக்கு வரமாட்டாராம்.

"வராட்டி சோறு மிச்சம்" என்றாள் றிஷானா. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

செப்டெம்பர் 14, சனி

ஸாஜித் வந்தான். பழையதை அழித்துவிட்டு, அவனே புதிதாக எழுதியிருக்கிறான்: "மெஷின் அசல். டயல், முள், திருகு மாற்றியது. பெட்டி, அட்டை இல்லை." எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டான்.

செப்டெம்பர் 27, வெள்ளி

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப்போனார். பழைய மணிக்கூடுகள் சேர்க்கிறவராம். நாங்கள் நினைத்த விலையில் பாதிதான். படுக்கையறைக் கூரைக்குப் போதும். குசினிக் கூரை அடுத்த வருடம்.

வாங்கினவர் வாசல் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒக்டோபர் 19, சனி

இன்று றிஷானாவின் கலியாணம். முஹம்மது தம்பி பெண்டுகள் பக்கம் வரையில் வந்து, "அந்தப் பிள்ள இவதான்" என்று தன் மனைவிக்கு என்னைக் காட்டினார். அந்த மனுசி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திரும்பி வரும்போது ஸாஜித்தின் ஓட்டோ கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. நல்ல காற்று. நான் எதையும் நினைக்கவில்லை. திடீரென்று கத்திவிட்டேன்: "புதுசெண்டாரே!"

ஸாஜித் பயந்துபோய் ஓட்டோவை ஓரமாக்கினான். "என்ன ராத்தா?"

"புதுசெண்டு சொன்னாரடா! முகத்தப் பாத்துச் சொன்னாரு!"

ஏன் சொன்னீங்க? பழசெண்டா நான் என்ன சொல்லியிருப்பன்? உங்களக் குறைவா நினைச்சிருப்பனா? இல்ல, எனக்கு ஒரு பெரிய ஆளாக் காட்டோணுமெண்டா? எனக்கிட்டயா? வேற என்னென்ன சொன்னீங்க, எதெல்லாம் மெய்? சொல்லாமலே படுத்திட்டீங்களே—ஒரு சொல்லுச் சொல்லாம, சோத்தத் திண்டு படுத்தா அவ்வளவுதானா?

பாலத்தில் வைத்து அழுதேன். லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஸாஜித் என்ஜினை நிற்பாட்டிவிட்டு, கடலைப் பார்த்தபடி இருந்தான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். மழை தொடங்கிவிட்டது. கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.