முறமும் கோணி ஊசியும்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

ஊர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், தனியே இருந்தால் 'நீ' என்பேன். தங்கச்சி புருஷன் என்கிற மரியாதை அது, கூட விளையாடியவன் என்கிற உரிமை இது. இந்தக் கடிதத்தை ஊரே படிக்கப் போகிறது என்று தெரிந்தும் 'நீ' என்றுதான் எழுதுகிறேன். நீ செய்துவிட்டுப் போன காரியத்துக்கு அது போதும்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டையில் நல்ல சரக்கை மேலே வைத்துக் காட்டுகிற வியாபாரி புத்தி எனக்கு என்று கேலி செய்வாய். இருக்கட்டும்.

ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் தேறிவிட்டார்கள். வேலு மட்டும் கணக்குப் பரீட்சை அன்று தாய்மாமனோடு திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போய்விட்டான். நந்திக்கே கல்யாணம் நடக்கும்போது என் பிள்ளைக்குப் பரீட்சை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று அவன் அம்மா வந்து சண்டை பிடித்தாள். புது வாத்தியார் மறுநாள் அவனைத் தனியே உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லி, தேறவும் வைத்துவிட்டார். வாத்தியார் ஆண்டிமடத்துப் பையன், பொறுமைசாலி. உன் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொள்கிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலாவதாக வந்தவள் அஞ்சலை, என்னிடம் கடலை உடைக்கிற மாரியாயி மகள். நீ இருமிக்கொண்டு படுத்துக் கிடந்தபோது ஜன்னலுக்கு வெளியே நின்று பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டு ஓடுவாளே, அவள்தான்.

ஆண்டு விழாவைச் சித்திரை பிறந்த பிறகு வைத்தோம். மண்ணெண்ணெய் இன்னும் சரியாகக் கிடைப்பதில்லை, அதனால் வெயில் சாய்ந்ததும் ஆரம்பித்து விளக்கு வைக்குமுன் முடித்துவிட்டோம். பெண்பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். சின்ன வகுப்புப் பையன் ஒருவன் புதுக்கொடியைப் பற்றிப் பாடுகிறேன் என்று எழுந்து, பாட்டு மறந்துபோய், கும்பிடு மட்டும் போட்டுவிட்டு இறங்கினான். அதற்குத்தான் கைதட்டு அதிகம். வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் கொட்டகையின் நடுத்தட்டியைக் கழற்றுவோம். இந்த வருஷமும் கழற்றினோம்.

தட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அரியலூருக்குப் போகிற வண்டிப்பாதையில் இருக்கிறது நம்மூர். வேப்பந்தட்டைப் பக்கத்துக் கடலையெல்லாம் என் கொட்டகையில் வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள், முறத்தில் புடைப்பார்கள், பருப்பு மூட்டையாகி ஸ்டேஷனுக்குப் போகும். கூடவே பிள்ளைகளையும் கூட்டி வருவார்கள். ஒன்று பருப்பைத் தின்னும், ஒன்று அழும், ஒன்று மூட்டை மேல் ஏறி விழும். வேலை ஓடாது. 'கொட்டகையில் பாதியைத் தட்டி கட்டி மறைத்துத் தருகிறேன், இந்தக் கூட்டத்தை உட்கார வைத்து எதையாவது சொல்லிக்கொடு' என்று உன்னிடம் சொன்னவன் நான். தர்மத்துக்குச் செய்தேன் என்று என்றைக்கும் சொன்னதில்லை. பெண்களுக்குக் கை ஓட வேண்டும், உனக்கு வேலை வேண்டும், பிள்ளைகளுக்கு நாலெழுத்து வேண்டும். மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றினேன். நீ சர்க்காருக்கு எழுதிப் போட்டு அதை முறையான பள்ளிக்கூடமாகவே ஆக்கிவிட்டாய். பள்ளிக்கூடம் உன் பேரில், கொட்டகை என் பேரில்.

பரிசு மட்டும் என் பொறுப்பு. ஐந்தாவது தேறிய பெண்பிள்ளைக்குப் புது முறம், ஆண்பிள்ளைக்குக் கோணி ஊசி. மற்ற பள்ளிக்கூடங்களில் சோப்புப் பெட்டி தருகிறார்களாம், முகம் பார்க்கிற கண்ணாடி தருகிறார்களாம். எதற்கு ஆகும்? என் முறத்தைச் சந்தையில் வாங்குவதில்லை. மூங்கிலை நானே பார்த்து, சொல்லிச் செய்து வாங்குவேன். அந்த முறத்தோடு திங்கட்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் கூலி. ஊசி வைத்திருப்பவனுக்கு மூட்டை தைக்கிற வேலை. படிப்பு முடிந்த கையோடு வேலை தருகிற பள்ளிக்கூடம் இந்தத் தாலுக்காவில் வேறு எது என்று வருஷா வருஷம் மேடையில் கேட்பேன். நீ பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறமாக எடுத்து என் கையில் தருவாய். சிரித்துக்கொண்டே தருவாய்.

அது சிரிப்புத்தானா மாப்ள? இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இந்த வருஷம் முறம் எடுத்துத் தருகிற இடத்தில் புது வாத்தியார் நின்றார். கொடுப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிற டிப்டி இன்ஸ்பெக்டர் நாலு வார்த்தை பேச எழுந்தார். வழக்கமான பேச்சு என்று நினைத்து நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். ஆனியிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்தை ஜில்லா போர்டு எடுத்துக்கொள்கிறது என்றார். மேலத்தெரு மிராசுதார் நிலம் கொடுத்திருக்கிறார், தெருவைத் தாண்டிக் கட்டடம் எழும்பிவிட்டது, எட்டாம் வகுப்பு வரை வரும் என்றார். அந்தக் கட்டடத்தை நானும் பார்த்தேன், நெல் வைக்கக் கட்டுகிறான் என்று நினைத்திருந்தேன். கடைசியில் சொன்னார்: இதற்கெல்லாம் காரணம் காலஞ்சென்ற ஆசிரியர். அவரே ஆபீஸுக்கு வந்து கேட்டுக்கொண்டார், மிராசுதாரிடம் நிலம் கேட்டதும் அவரே.

வெற்றிலை கையிலேயே இருந்தது.

மிராசுதார் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். இத்தனை வருஷமாக இதை மல்லாக்கொட்டைப் பள்ளிக்கூடம் என்று சொல்லிச் சிரித்தவர். நாலு பேர் காதில் விழும்படி என் பக்கம் சாய்ந்தார். "என்ன மொதலாளி, இனிமே புள்ளைங்க தலையில கடலத்தோல் ஒட்டாது. ஒங்களுக்கும் மூட்ட அடுக்க எடமாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நஷ்டத்தை முகத்தில் காட்டுகிறவன் வியாபாரம் செய்ய முடியாது.

எழுந்து பரிசு கொடுத்தேன். கை அதுவாகக் கொடுத்தது. அஞ்சலை முறத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "மொதலாளி, திங்கக்கெழம நான் எந்தப் பக்கம் வரணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. அப்புறம் சொல்கிறேன் போ என்று அனுப்பிவிட்டேன்.

கூட்டத்தில் ஒரு முகம் மட்டும் ஆச்சரியப்படவில்லை. செல்லத்தின் முகம். என் கூடப் பிறந்தவள், உன் பெண்டாட்டி. நீ போன பிறகு என் வீட்டில் இருக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"எப்பலேருந்து?"

"அவரு அரியலூரு ஆபீசுக்குப் போயிட்டு வந்த அன்னிலேருந்து."

"அத்தன நாளா தெரிஞ்சுக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்க."

அவள் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அந்தத் தட்டிதான்ணே அவரு நெஞ்சுல நின்னுச்சு. இந்தப் பக்கம் நான் புள்ளைங்களப் படிக்க வச்சு ஏத்தி வுடுறேன், அந்தப் பக்கம் மச்சான் எறக்கி வச்சுக்கிறாருன்னு சொல்லுவாரு. ஒன்கிட்டச் சொன்னா, அதுக்கென்ன, ஆறாவதையும் இங்கயே வச்சுக்கன்னு தட்டிய நாலு மொழம் தள்ளிக் கட்டுவ. ஒன்கிட்டப் பேசி செயிக்க அவரால முடியாதுண்ணே."

பேசி ஜெயிக்க முடியாதென்றால் முதுகுக்குப் பின்னால் செய்வதா?

திருச்சியிலிருந்து டாக்டரைக் கூட்டி வந்தது நான். பொழுது சாயும்போதெல்லாம் உன் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தது நான். மழையைப் பற்றிப் பேசினாய், கொல்லையில் முருங்கை ஒடிந்ததைப் பற்றிப் பேசினாய். இதை ஒரு நாளும் பேசவில்லை. உன் மனசில் இது இருந்துகொண்டே, என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தாயே. எப்படி முடிந்தது உனக்கு?

சந்தையில் முகம் தெரியாதவன்கூட என்னிடம் விலை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவான். நீ கேட்கவே இல்லை. நேரே அந்த மிராசுதார் வாசலில் போய் நின்றிருக்கிறாய். அவன் உன்னை உட்காரச் சொன்னானா, நிற்க வைத்தே பேசினானா? அதைக்கூடச் செல்லத்திடம் நீ சொல்லவில்லையாம்.

கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா? தெரியாது. சத்தம் போட்டிருப்பேன், அது நிச்சயம். பிறகு என்ன செய்திருப்பேன் என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதை எனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டாய் பார், அதுதான் ஆறவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். எட்டாம் வகுப்பு வரை யோசித்தவன் வழியை யோசித்தாயா? மறுநாளே மாரியாயி நாலைந்து பெண்களோடு வந்துவிட்டாள். "மேலத்தெரு வழியாத்தாங்க போவணும். நாங்களே அங்க ஓரமா ஒதுங்கி, தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறவங்க. எம்புள்ள சிலேட்டத் தூக்கிக்கிட்டு எப்படிங்க நடப்பா? நீங்க சொல்லுங்க மொதலாளி. அனுப்பவா, மொறத்தக் குடுத்து இங்கயே உக்கார வைக்கவா?"

பார்த்தாயா, கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம், நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். பாதிப் பிள்ளைகள் போகமாட்டார்கள், மிராசுதார் கட்டடத்தில் ஆடு கட்டலாம். அது எனக்கு இனித்தது, மறைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பெண்களை அனுப்பிவிட்டு அந்த இனிப்பை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனேன். கழற்றிய தட்டி சுவரில் சாய்த்தபடியே கிடந்தது. திரும்பக் கட்டு என்று நான் சொல்லவில்லை, யாரும் கட்டவில்லை. ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் காலி. அங்கே கரும்பலகைக்கு முன்னால், வகுப்பில் அவள் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மடியில் புது முறம். கை கடலை உடைத்துக்கொண்டிருந்தது. நான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை அல்லவா, அவளாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டி இல்லாமல் பார்த்தால் அது ஒரே கொட்டகைதான்.

"எந்திரி பாப்பா" என்றேன். எழுந்தாள். "பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னிக்கு இங்க வந்துரு. டேசனுக்குப் போற வண்டிக்குப் பின்னாலயே நட. வண்டி மேலத்தெரு வழியாத்தான் போவுது."

"ஆறாவதுக்குங்களா?"

"பின்ன, ரயில் பாக்கவா?"

"அப்ப மொறம்?"

"ஒங்கம்மாகிட்டக் குடு. அவ மொறம் பிஞ்சு கெடக்கு."

மாரியாயி வரிசையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "வண்டிக்குப் பின்னாலன்னா சரிங்க" என்றாள். "அவுங்க வூட்டுக் கடலையும் அந்த வண்டியிலதான போவுது, எவன் மறிப்பான்?" பெண்கள் சிரித்தார்கள். நீ ஆபீஸ் வரை போய்க் கண்டுபிடிக்காத வழியை உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் பிடித்துக்கொண்டாள். மிராசுதாரின் கடலை ரயிலேற வேண்டுமென்றால் என் வண்டி அவர் வாசல் வழியாகப் போயாக வேண்டும். வண்டி போனால் பிள்ளைகளும் போகும். இதை நீ என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால், உனக்கு இந்த யோசனையும் சேர்ந்து கிடைத்திருக்கும்.

செல்லத்தோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. போடுகிறாள், சாப்பிடுகிறேன். புதுக் கட்டடத்தில் மாட்டப் பள்ளிக்கூட மணி வேண்டும் என்று புது வாத்தியார் ஆள் அனுப்பினார். ஸ்டேஷனில் பேசி நான் வாங்கி வந்து மாட்டிய தண்டவாளத் துண்டு அது. தர முடியாது என்று சொல்லிவிட்டேன். நிலம் கொடுத்தவர் மணியும் வாங்கிக் கொடுக்கட்டும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று முதல் வண்டிக்கு முன்னால் நான் நடப்பேன். மேலத்தெருவின் நடுவில் நடப்பேன், ஓரத்தில் இல்லை. பள்ளிக்கூட வாசல் வரை போவேன், உள்ளே வரமாட்டேன். நீ என்னைக் கூப்பிடாத இடம் அது. திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்வேன். எட்டாவது முடிக்காத பிள்ளைக்கு இனி என்னிடம் முறமும் இல்லை, ஊசியும் இல்லை. மாரியாயியிடமும் மற்ற பெண்களிடமும் சொல்லிவிட்டேன், சொன்ன சொல் மாறாது.

நீ கேட்டு நான் கொடுத்ததாக இதை ஒருவரும் சொல்ல முடியாது. நீ கேட்கவே இல்லை. கேட்காமலே கொடுக்கிறேன், வாங்கிக்கொள்.

நீ நம்பிப் பேசாமல் விட்டுப்போன,
உன் மச்சான்.