கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் குளவிக்கூடு

ஓசூர்
மார்கழி, 2008

அன்பு மகள் தமிழ்செல்விக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் சர்க்கரை டப்பாவில் குடியிருக்கும் பிள்ளையார் எறும்புகளும் சாமி புண்ணியத்தில் சௌக்கியம், அங்கே பூனாவில் நீயும் மாப்பிள்ளை ஆனந்தும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். கார்த்திகையிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, எடுக்காததும் நியாயம்தான், அதனால் ஐந்தாம் வகுப்போடு விட்ட பேனாவைத் திரும்பப் பிடித்திருக்கிறேன். ஒரு சேதி சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழாது, உன் அப்பாவைச் சொல்லச் சொன்னால் ஓவர்டைம் இருக்கிறது என்று கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார். ஊரையே கேலி பேசுகிற பவளம் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள் என்று நினைத்துப் படி. படித்து முடித்தபின் பொங்கலுக்கு வருவதா, இந்த வாசலையே மிதிக்காமல் இருப்பதா என்பது உன் இஷ்டம்.

எல்லாம் அந்தக் குளவியால் வந்தது. தீபாவளிக்கு வந்துவிட்டு நீங்கள் ரயில் ஏறிய மறுநாளே அது எங்கள் படுக்கை அறைக்குள் வந்து, சுவரில் மாட்டியிருந்த உன் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் மண்ணை அப்ப ஆரம்பித்தது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது உனக்கும் தெரியும், செம்மண்ணில் கட்டினால் பெண், கரம்பை மண்ணில் கட்டினால் ஆண் என்பார்கள். நம் ஓசூரில் செம்மண்ணை விட்டால் குளவிக்கு வேறு என்ன மண் கிடைக்கும், அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் ஆம்பளையே பிறந்திருக்கக் கூடாது, அதை யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை. உன் போட்டோ, உன் குளவி, உனக்குத்தான் என்று அன்றைக்கே போன் போட்டுச் சிரித்தேன். அதோடு விட்டேனா. காய் வாங்கிய இடத்தில் சொன்னேன், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்த இடத்தில் சொன்னேன், சேலத்தில் இருக்கும் உன் மாமியாருக்கும் போன் போட்டு, சம்பந்தியம்மா தொட்டிலுக்குக் கயிறு பாத்து வையுங்க என்றேன். அந்த அம்மாவும் நாள் தவறாமல் உன்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் கூப்பிடும்போதெல்லாம், ஏண்டி குளவியே வீடு கட்டி முடிச்சிருச்சு நீங்க இன்னும் அஸ்திவாரம் கூடப் போடலயா என்று கேட்டேன். கார்த்திகைக்கு முந்தின நாள் நீ அழுதுகொண்டே, அம்மா இனிமே குளவிப் பேச்சை எடுத்தா உன் போனையே எடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் அப்போதும் சிரித்தேன். உங்க மகளுக்கு வெட்கத்தைப் பாருங்க என்று அப்பாவிடம் சொன்னேன்.

மறுநாள் வாசலில் விளக்கு வைத்தோம். கார்த்திகை விளக்கைப் பார்த்த புழு பூச்சிக்கும் கொசுவுக்கும் மறுபிறவி கிடையாது என்று கோயிலில் சொல்வார்கள் இல்லையா, உன் அப்பா கையிலும் காலிலும் அடித்துக்கொண்டே, நம்ம சாக்கடைக் கொசு ஒண்ணாச்சும் விளக்குப் பக்கம் திரும்புதா பாரு, எல்லாத்துக்கும் மறுபடி இதே தெருவுல வந்து பொறக்கணுமாம் என்றார். பக்கத்து வீட்டு நாகம்மா பொரி உருண்டை பிடிக்க வந்திருந்தாள். வெல்லப் பாகு கொதிக்கிற வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் குடலைப் புரட்டியது, கொல்லைப்பக்கம் ஓடினேன். திரும்பி வந்து, பாகுல கரப்பான் கிரப்பான் விழுந்திருச்சு போல என்று சமாளித்தேன். நாகம்மா பாகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து அறைக்குள் போய் அந்தக் கூட்டைப் பார்த்தாள். வெளியே வந்து, ஏ பவளக்கா, போட்டோ உம் பொண்ணுதுதான், அதுக்குக் கீழ கெடக்கற கட்டிலு யாருது என்று கேட்டாள். தெருவில் ஒருத்தி விடாமல் வாயை அடைத்தவள் நான், என் வாயை அவள் ஒரே கேள்வியில் அடைத்துவிட்டாள். நாள் தள்ளிப்போனதை நாற்பது தாண்டினால் நின்றுபோகிற சமாச்சாரம் என்றே நான் நினைத்திருந்தேன். ஓசூர் ஆஸ்பத்திரியில் கம்பெனி ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அப்பா கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனார், பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்து போனோம். அங்கே நர்ஸ் பெண் என்னைப் பார்த்ததும், பேஷண்டை உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய உக்காருங்கம்மா, பொண்ணு எங்க என்று கேட்டாள். நான்தான் பேஷண்ட் என்று முந்தானைக்குள் முணுமுணுத்தேன். உன் அப்பா சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பஸ் நம்பர் படிக்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் கண்ணு, மூன்றாம் மாதம். உனக்குத் தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது. எழுதிவிட்டேன், இனிமேல் அடித்துத் திருத்த மாட்டேன்.

டாக்டரம்மா, வயசாயிடுச்சு ரத்தமும் கம்மியா இருக்கு, வேண்டாம்னா சீக்கிரம் சொல்லிருங்க, வேணும்னா கவனமா பாத்துக்கலாம் என்றார். அப்பா, உன் இஷ்டம் பவளம் என்று சொன்னதோடு சரி, ஆனால் ஆரஞ்சுப் பழத்தை டிபன் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து வைக்கிறார், ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் கூட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். மகளுக்கு வளையல் அடுக்க வேண்டிய வயதில் தாய்க்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் மாமியார் வீட்டில் உனக்கு எவ்வளவு தலைகுனிவு, அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கேட்டதெல்லாம் உன்னை எப்படிக் குத்தியிருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது, நாகம்மா ஒரு தடவை கேட்டதற்கே நான் அவள் முகத்தில் விழிக்காமல் பின்கதவு வழியாகப் போய்வருகிறேன். பிள்ளை எப்போது என்பது நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிற பேச்சு, அதில் குளவிக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது செல்வி. வெட்கமாக இருக்கிறதே தவிர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வயதில் ஆசைப்படுகிறேனே, இருக்கிற வெட்கத்திலேயே அதுதான் பெரிய வெட்கம். உனக்கு மனசு ஒப்பினால் போதும், தெருவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மாமியாருக்கும் நானே போன் போடுகிறேன், தொட்டில் கயிறு பார்க்கச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கு அந்தத் தண்டனை போதும்.

போகி வரப்போகிறதே என்று நேற்று வெள்ளையடிக்க மாரிமுத்து வந்திருந்தார். உன் போட்டோவைக் கழற்றியதும் கரண்டியை எடுத்துக் கூட்டைச் சுரண்டப் போனார், நான் ஓடிப்போய்க் கையை விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன். சுத்தி அடிங்க, அதை மட்டும் விட்ருங்க என்றேன். ஏங்கக்கா, புது வெள்ளையில செம்மண்ணு திட்டாத் தெரியுமே என்றார். தெரிஞ்சா தெரியட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டேன். சுவர் காய்ந்த பிறகு உன் போட்டோவை அங்கே மாட்டவில்லை, கூடத்துச் சுவருக்கு மாற்றிவிட்டேன். இனி அந்தக் குளவியைக் காட்டி யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் நிறைந்த ஆயுசோடு, முக்கியமாகச் சிரித்த முகத்தோடு இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, குளிரில் ஈரத்தலையோடு அலையாதே. மறக்காமல் ஒரு காரியம் செய், கோபம் ஆறியிருந்தால் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், நானும் திரும்பக் கூப்பிட மாட்டேன், என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது. மணி ஒரு தடவை அடித்து நின்றால் போதும், அந்த டாக்டரம்மாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
குளவியிடம் தோற்றுப்போன உன் அம்மா,
க. பவளம்