தலையாட்டினால் வெற்றிலை

செம்மேடு

அன்பு மகன் குழந்தைசாமிக்கு அம்மா மயிலம்மாள் சொல்லி எழுதுவது. எட்டுக்கை அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அய்யனும் மாடும் கன்றும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் சித்தப்பன் வெள்ளையன் மட்டும் நன்றாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்காக எழுதுகிற பக்கத்து ஊட்டு மருமகள் பாப்பாத்தி, இதையெல்லாம் எழுதோணுமாங்க அத்தை என்கிறாள். எழுதடி என்றேன்.

போன வருஷம் திருவிழாக் கூட்டத்தில் உன் சித்தப்பன் வெள்ளையன் செய்ததை உனக்கு அரைகுறையாகத்தான் எழுதியிருந்தேன், முழுக்கக் கேள். பர்மா சண்டையில் பக்கத்தில் குண்டு விழுந்து திரும்பி வந்த நாளிலிருந்து உன் அய்யனுக்கு நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் பிடிபடாது. காது என்னவோ நன்றாகவே கேட்கிறது, காட்டில் பலாப்பழம் விழுந்தால் எந்த மரத்திலிருந்து என்று சொல்லிவிடுவார். பேச்சுத்தான் சந்தைச் சத்தம் மாதிரி கலங்கிப் போகிறது. மறுபடி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிடுவார். இது அந்தப் பாவிக்குத் தெரியும். மேளம் அடிக்கையில், ஆளாளுக்குக் கத்துகிற இடத்தில் வந்து, மிளகுக் காட்டைத் தனக்கு விட்டுத் தருகிறாயா என்று கேட்டிருக்கிறான், இவர் தலையை ஆட்டினார், அவன் வெற்றிலையைக் கையில் திணித்துவிட்டான். கூட்டத்தில் தலையாட்டி வெற்றிலை வாங்கினால் நம் ஊரில் அதற்குமேல் பேச்சு ஏது? மறுநாள் போய்ப் பார்த்தால் நம் கொடியில் அவன் ஆள் மிளகு பறிக்கிறான். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியிடம் போய் அழுதேன். உன் அய்யனை மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நல்லாக் கேக்கற காதை வெச்சுக்கிட்டு நடிக்கறானுங்க என்று வெள்ளையன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் செத்தாலும் மறக்க மாட்டேன் சாமி.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. குறை காதில் இல்லை, குண்டு அதிர்ச்சியில் பேச்சைப் பிரித்தெடுக்கிற இடம் தலைக்குள்ளே கலங்கியிருக்கிறது, சண்டைக்குப் போய் வந்த பல பேருக்கு இப்படி உண்டு என்று நீ வேலை பார்க்கிற பட்டாள ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் சொன்னதைப் பாப்பாத்தி வாசித்தாள். உன் அய்யன், அப்ப எனக்குப் பைத்தியமில்லியா மயிலு என்று கேட்டார். இத்தனை வருஷமும் அதை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் பார். நீ எழுதினபடியே செய்கிறேன். முதலில் தோளைத் தொட்டு, வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே நின்று, குத்துகிற உலக்கையை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன். வருகிறவர்களையும் ஒவ்வொருவராகப் பேசச் சொல்லி அதட்டுகிறேன். இப்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லுகிறார், பிடிபடாவிட்டால் இன்னொருக்காச் சொல்லு என்கிறார், சும்மா தலையாட்டுவதை விட்டுவிட்டார்.

அவருக்குத் தேவலையானால் எனக்கு ஆறிவிடுமா? இந்த வருஷத் திருவிழாவுக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். கூட்டத்தில் மேளம் உச்சத்தில் இருக்கையில் பெண்டுகள் எல்லோரும் போய் வெள்ளையனைச் சூழ்ந்துகொண்டோம். ஒருத்தி அவன் மாடு மேய்ந்ததைக் கேட்டாள், ஒருத்தி அவன் மகள் கல்யாணத்தைக் கேட்டாள், எல்லாம் ஒரே நேரத்தில். நடுவில் நான், மிளகுக் காட்டைத் திருப்பிக் குடுத்தர்றியா என்றேன். விட்டால் போதும் என்று தலையை ஆட்டினான். வெற்றிலையை அவன் கையில் திணித்துவிட்டு மேளத்தை நிறுத்தச் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் குதித்தானே ஒரு குதி, சத்தத்துல என்ன கேட்டாங்கன்னே தெரியலீங்க, இது செல்லாதுங்க என்று. ஏன்டா, நல்லாக் கேக்கற காதை வெச்சுக்கிட்டு நடிக்கறியா என்று கேட்டேன். ஊரே சிரித்தது. ஊர்க்கவுண்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது செல்லாதுன்னா அதுவும் செல்லாதப்பா, செல்லும்னா காட்டை உட்ரு என்றார். எப்படிப் போனாலும் காடு நமக்குத்தான். எனக்கு அன்றைக்குத்தான் சோறு உள்ளே இறங்கியது.

நேற்று அவன் வாசலில் வந்து நின்றான். நான் சாமை குத்திக்கொண்டிருந்தேன். என்னவோ முனகினான். உன் அய்யனுக்கு நிறுத்துகிற உலக்கையை அவனுக்கு நிறுத்துவேனா, இன்னும் ஓங்கிக் குத்தினேன், ஒண்ணும் கேக்கலையே என்றேன். உன் அய்யன் எழுந்து வந்து உலக்கையை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, அவன் முகத்துக்கு நேரே நின்று, இப்பச் சொல்லு என்றார். தெரியாமப் பண்ணிப்போட்டேன் அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க என்றான். தெரியாமலாம்! உன் அய்யன் அதை ஒரு வார்த்தை விடாமல் அவனிடமே திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் போனதும் சண்டைக்கு நின்றேன். இந்தத் தடவை கேட்டுத்தானே ஆட்டினேன் மயிலு என்றார். அது அவர் தலை, ஆட்டிக்கொள்ளட்டும். நான் ஆட்டவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நல்ல பேரோடு நீடூழி இருக்க வேண்டும் கண்ணு. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொள். உன் வார்டுக்கு அய்யனைப் போல வருகிற சிப்பாய்கள் தலையாட்டினால் நம்பிவிடாதே, நேரே நின்று மறுபடி சொல். லீவில் வரும்போது வெள்ளையன் ஊட்டு வழியாக வராதே, சுற்றி வா.

உன் அம்மா,
மயிலம்மாள்